டெர்மினலை மூடினால் நிரலும் நின்றுவிடுகிறது: டீமனாக (டெர்மினல் இல்லாமலே ஓயாமல் ஓடும் நிரலாக) ஓட வைப்பது எப்படி?

அளவுகோல் | திங்கள், இரவு 10:12

வணக்கம். லினக்ஸ் சர்வர் ஒன்றில் யூஎஸ்பி வழியாக வெப்பநிலை உணரி ஒன்றைச் செருகியிருக்கிறேன். பைதானில் சின்ன நிரல். 30 விநாடிக்கு ஒரு முறை அளவை வாங்கி ஒரு கோப்பில் ஒரு வரி சேர்க்கும், அதையே திரையிலும் காட்டும். மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரின் டெர்மினலைத் திறக்கும் இணைப்பு) வழியாக உள்ளே போய், கட்டளையின் கடைசியில் & குறி வைத்து ஓடவிட்டேன். ஓடியது. இரவு 11:05 வாக்கில் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் கோப்பின் கடைசி வரி 11:21. மூடியவுடன் நிற்கவில்லை, இரவு முழுக்க ஓடவும் இல்லை. மறுநாள் இரவு எக்ஸிட் என்று தட்டி ஒழுங்காக வெளியே வந்தேன். அன்றைக்கு ஒரே ஒரு வரி மட்டும் கூடுதலாக எழுதிவிட்டு அரை நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. & போட்டால் பின்னணியில் ஓடும் என்றுதானே படித்தேன்? ஒரே நிரல் இரண்டு நாளும் இரண்டு விதமாக நிற்பது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தீர்வு மட்டும் சொல்லாமல் காரணமும் சொன்னால் நன்றாக இருக்கும்.

வேகவிசை | திங்கள், இரவு 10:20

கட்டளைக்கு முன்னால் நோஹப் என்ற கட்டளையைப் போட்டு ஓட்டுங்கள், நிற்காது. நான் பல வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழைய_முனையம் | திங்கள், இரவு 11:03

நோஹப் வேலை செய்யும். ஆனால் அவர் காரணத்தைக் கேட்டிருக்கிறார், அந்த 16 நிமிடத்துக்கு அருமையான காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

& குறி செய்வது ஒன்றே ஒன்றுதான். 'இது முடியும்வரை காத்திருக்காதே, அடுத்த கட்டளையைக் கேள்' என்று ஷெல்லிடம் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) சொல்கிறது. உங்கள் நிரல் இன்னமும் அந்த டெர்மினலின் பிள்ளைதான். உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி மூன்றும் அதே டெர்மினலோடு கட்டப்பட்டிருக்கின்றன. ஷெல்லின் வேலைப் பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறது. பின்னணி என்பது வேறு, உறவை அறுத்துக்கொள்வது வேறு.

இப்போது முதல் நாளுக்கு வருவோம். மடிக்கணினியை மூடியதும் அது தூங்கிவிட்டது. போகிறேன் என்று சர்வரிடம் சொல்லவில்லை. சர்வரைப் பொறுத்தவரை இணைப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் நிரல் 30 விநாடிக்கு ஒரு வரி திரையில் எழுதுகிறது, சர்வர் அதை அனுப்புகிறது, பதில் வரவில்லை. மறுபடி அனுப்புகிறது, இடைவெளியைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறது. லினக்ஸில் இந்த மறுமுயற்சி இயல்பாக 15 முறை. அது தீர்ந்து கைவிடக் குறைந்தது சுமார் 924 விநாடி ஆகும், அதாவது பதினைந்தரை நிமிடம். முதல் வரி வெளியே போவதற்கான அரை நிமிடத்தையும் சேர்த்தால் உங்கள் 16 நிமிடம் வந்துவிடுகிறது.

கைவிட்டதும் எஸ்எஸ்எச் சர்வர் உங்களுக்காகத் திறந்து வைத்திருந்த போலி டெர்மினலை மூடுகிறது. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உடனே ஷெல்லுக்குச் சிக்ஹப் சிக்னல் அனுப்புகிறது. சிக்னல் என்பது ஓடும் நிரலுக்கு அனுப்பும் சிறு அறிவிப்பு, இதன் எண் 1. தொலைபேசி மோடம் காலத்துப் பெயர் அது, எதிர்முனை இணைப்பைத் துண்டித்துவிட்டது என்று பொருள். பாஷ் ஷெல் அதை வாங்கியதும், சாகும் முன் தன் வேலைப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் அதே சிக்னலை அனுப்புகிறது. அதைக் கையாள எந்த ஏற்பாடும் இல்லாத நிரல் செத்துப்போகும்.

இரண்டாம் நாள் கதை வேறு. நீங்களாக எக்ஸிட் தட்டினால் பாஷ் இயல்பாகப் பின்னணி வேலைகளுக்குச் சிக்ஹப் அனுப்புவதில்லை. அதற்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது, வழக்கமாக அணைந்தே இருக்கும். எனவே உங்கள் நிரல் தப்பித்தது. அடுத்த அளவை வாங்கியது, கோப்பில் எழுதியது, பிறகு திரையில் காட்டப் போனது. அங்கே திரை இல்லை. உள்ளீடு/வெளியீட்டுப் பிழை, எண் 5. பைதான் அதைப் பிழையாக வீசியது, பிடிக்க ஆளில்லை, நிரல் முடிந்தது. பிழைச்செய்தியும் அதே இல்லாத திரைக்குத்தான் போயிருக்கும், அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

முதல் நாள் சிக்னலால் செத்தது, இரண்டாம் நாள் எழுதப் போன இடத்தில் செத்தது. இரண்டையும் தடுக்க வேண்டும்.

அளவுகோல் | திங்கள், இரவு 11:31

அந்த 924 விநாடியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது. ரொம்ப நன்றி அண்ணா. டிஸ்ஓன் என்று ஒரு கட்டளையும் கண்ணில் பட்டது. அது போதாதா?

பழைய_முனையம் | திங்கள், இரவு 11:40

டிஸ்ஓன் செய்தால் ஷெல்லின் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும், ஷெல் சிக்ஹப் அனுப்பாது. ஆனால் வெளியீடு இன்னும் பழைய டெர்மினலில்தான் கட்டியிருக்கும். இரண்டாம் நாள் சாவு அப்படியே நடக்கும். நோஹப் இரண்டையும் கவனிக்கிறது. சிக்ஹப்பைக் கண்டுகொள்ளாத நிலையில் நிரலைத் தொடங்குகிறது, வெளியீடு டெர்மினலுக்குப் போவதாக இருந்தால் அதை நோஹப்.அவுட் என்ற கோப்புக்குத் திருப்புகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு நோஹப் போட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரட்டைத்திரை | செவ்வாய், காலை 7:15

டிமக்ஸ் என்ற கருவி பற்றி யாரும் பேசவில்லையே. டிமக்ஸுக்குள் நிரலை ஓடவிட்டுக் கழன்றுகொண்டால் போதும். டெர்மினல் சர்வரிலேயே உயிரோடு இருக்கும். மறுநாள் வந்து ஒட்டிக்கொண்டால் திரை விட்ட இடத்திலேயே நிற்கும். வெளியீட்டைக் கண்ணால் பார்க்கலாம், கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தலாம். இத்தனை சிக்னல் பாடம் தேவையே இல்லை.

காவல்நிரல் | செவ்வாய், காலை 9:02

சோதித்துப் பார்க்கும் காலத்தில் டிமக்ஸ் நல்ல கருவி. நானும் தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் நிரல் பிழையில் நின்றால் எழுப்புவது யார்? சர்வர் ரீபூட் ஆனால் தொடங்குவது யார்? நோஹப்புக்கும் இதே கேள்விதான்.

ஒரு விஷயம் டிமக்ஸ் நண்பர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2016-இல் வந்த 230-ஆம் பதிப்பில், பயனர் வெளியேறியதும் அவருடைய எல்லா ப்ராசஸ்களையும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையும்) கொல்வதை இயல்பாக்கினார்கள். நோஹப், டிமக்ஸ், அதே மாதிரியான ஸ்கிரீன் என்ற கருவி எதுவும் அதற்கு விலக்கில்லை. பெரிய எதிர்ப்பு வந்தது, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் தங்கள் பொதியில் அதை அணைத்து வைத்தன. ஆனால் நிர்வாகி நினைத்தால் எந்தச் சர்வரிலும் அதை இயக்கலாம். 'டிமக்ஸ் போட்டும் காலையில் காணோம்' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

அளவுகோல் | வியாழன், மாலை 6:48

நோஹப் போட்டு இரண்டு நாள் அருமையாக ஓடியது. நேற்றிரவு கர்னல் புதுப்பிப்புக்காகச் சர்வர் ரீபூட் ஆகியிருக்கிறது. இன்று மாலைவரை எனக்குத் தெரியவே தெரியாது. 17 மணி நேர அளவுகள் போய்விட்டன. மனசு விட்டுப்போச்சு. காவல்நிரல் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. டீமனாகவே மாற்றிவிட வேண்டியதுதான். நிரலுக்குள் இரண்டு முறை ஃபோர்க் (தன்னையே நகலெடுத்துப் புது ப்ராசஸ் உருவாக்குவது) செய்ய வேண்டும் என்று பழைய குறிப்புகளில் படித்தேன். இரண்டு முறை ஏன்?

வேகவிசை | வியாழன், மாலை 7:05

அதெல்லாம் பழைய காலத்துச் சடங்கு. சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பு எழுதினால் ஃபோர்க்கே வேண்டாம்.

பழைய_முனையம் | வியாழன், இரவு 9:37

சடங்கு என்று தள்ளிவிடாதீர்கள். அதில் ஒவ்வொரு அடியும் யாரோ ஒருவர் பட்ட அடியிலிருந்து வந்தது. அதில் இரண்டு அடி நானே பட்டது.

பாரம்பரிய முறையில் நிரல் முதலில் ஒரு ஃபோர்க் செய்யும். தாய் வெளியேறிவிடும், பிள்ளை தொடரும். காரணம், அடுத்து வரும் செட்சிட் அழைப்பை, ஒரு ப்ராசஸ் குழுவுக்குத் தலைவராக இருக்கும் ப்ராசஸ் செய்ய முடியாது. கர்னல் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும். பிள்ளை குழுத் தலைவர் அல்ல, அதனால் அதற்கு அனுமதி கிடைக்கும். செட்சிட் செய்ததும் புது செஷன் (ஒரே டெர்மினலைப் பகிரும் ப்ராசஸ்களின் தொகுதி) பிறக்கிறது, பழைய டெர்மினலோடு உறவு அறுந்துவிடுகிறது. இங்கேயே நின்றுவிடலாமே என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

வேலை பார்த்த இடத்தில் ஒரு கருவியிலிருந்து சீரியல் கம்பி வழியாகத் தகவல் வாங்கும் டீமன் எழுதினேன். ஒரே ஃபோர்க், ஒரு செட்சிட். நன்றாக ஓடியது. ஆனால் சில நாளுக்கு ஒரு முறை சத்தமே இல்லாமல் செத்துப்போகும். லாகில் ஒரு வரி இருக்காது. பிழை இல்லை, நினைவகத் தட்டுப்பாடு இல்லை. மூன்று வாரம் தேடினேன். ஒரு நாள் கருவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். துடைக்க வந்தவர் கம்பியைக் கழற்றி மறுபடி செருகினார். அதே நொடியில் என் டீமன் காணாமல் போனது.

காரணம் இதுதான். செட்சிட் செய்த ப்ராசஸ் புது செஷனின் தலைவர். கட்டுப்பாட்டு டெர்மினல் இல்லாத ஒரு செஷன் தலைவர் ஏதாவது ஒரு டிடிஒய் (டெர்மினல் வகை) சாதனத்தைத் திறந்தால், லினக்ஸ் அதையே அவருக்குக் கட்டுப்பாட்டு டெர்மினலாக ஒட்டிவிடும். சீரியல் போர்ட்டும் டிடிஒய் சாதனம்தான். தகவல் வாங்கத்தான் திறந்தேன், கர்னல் அதை என் டெர்மினலாகக் கட்டிவைத்தது. கம்பி கழன்றதும் டெர்மினல் துண்டிப்பு, அதனால் சிக்ஹப், அதனால் சாவு. டெர்மினலை விட்டு ஓடி வந்த நிரலுக்கு நானே ஒரு டெர்மினலைக் கட்டியிருந்தேன்.

இரண்டாவது ஃபோர்க் இதற்குத்தான். அதில் பிறக்கும் பேரன் செஷன் தலைவர் அல்ல. எந்த டிடிஒய் சாதனத்தைத் திறந்தாலும் அது ஒட்டாது. இன்னொரு வழி, சாதனத்தைத் திறக்கும்போதே 'இதை என் கட்டுப்பாட்டு டெர்மினல் ஆக்காதே' என்று சொல்லும் நோசிடிடிஒய் கொடியைச் சேர்ப்பது.

தம்பி, நீங்களும் யூஎஸ்பி சீரியல் உணரியைத்தான் படிக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

காவல்நிரல் | வியாழன், இரவு 10:10

இதைப் படித்ததும் ஒன்று உறைத்தது. சிஸ்டம்டியும் ஒவ்வொரு சர்வீஸையும் புது செஷனில் தலைவராகத்தான் தொடங்குகிறது. அதாவது சர்வீஸ் கோப்பு எழுதி, நிரலில் அந்தக் கொடி இல்லாமல் சீரியல் போர்ட்டைத் திறந்தால், அண்ணன் சொன்ன அதே விபத்து அப்படியே நடக்கும்.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நிறையப் பேர் ரீஸ்டார்ட் அமைப்பில் 'ஆன்-ஃபெயிலியர்' என்று போடுவார்கள், தோல்வி என்றால் மறுபடி தொடங்கு என்று. ஆனால் சிக்ஹப், சிக்இண்ட், சிக்டெர்ம், சிக்பைப் ஆகிய நான்கு சிக்னல்களால் வரும் சாவைச் சிஸ்டம்டி ஒழுங்கான முடிவாகவே எடுத்துக்கொள்ளும். கம்பி கழன்று சிக்ஹப்பால் செத்தால் மறுபடி எழுப்பாது. இந்த மாதிரி நிரலுக்கு 'ஆல்வேஸ்' என்று போடுவதே பாதுகாப்பு.

பைதானில் பைசீரியல் நூலகத்தைப் பயன்படுத்தினால் அது அந்தக் கொடியோடுதான் போர்ட்டைத் திறக்கிறது. அளவுகோல், நீங்கள் எதில் திறக்கிறீர்கள்?

அளவுகோல் | வியாழன், இரவு 10:22

பைசீரியல்தான். அப்பாடா. அண்ணா, இரண்டு அடி பட்டதாகச் சொன்னீர்கள். இன்னொன்று என்ன?

பழைய_முனையம் | வியாழன், இரவு 10:58

அது 0, 1, 2 பற்றியது. டீமனுக்கு டெர்மினல் வேண்டாம், எனவே உள்ளீடு, வெளியீடு, பிழை என்ற மூன்று எண்களையும் மூடிவிடு என்று படித்தேன். மூடினேன். மூடியதோடு விட்டுவிட்டேன்.

கர்னல் புதுக் கோப்பைத் திறக்கும்போது காலியாக இருப்பதில் மிகச் சிறிய எண்ணைக் கொடுக்கும். முதலில் திறந்த அமைப்புக் கோப்புக்கு 0 கிடைத்தது. அடுத்த பூட்டுக் கோப்புக்கு 1. மூன்றாவதாகத் திறந்த தரவுக் கோப்புக்கு 2. எண் 2 என்றால் பிழைச்செய்தி போகும் இடம். நான் பயன்படுத்திய ஒரு நூலகம் எப்போதாவது ஒரு எச்சரிக்கையைப் பிழை வெளியீட்டில் எழுதும். அது தரவுக் கோப்பின் நடுவில் போய் உட்கார்ந்தது. எண்களுக்கு நடுவே ஒரு ஆங்கில வாக்கியம். அறிக்கை போடும் நிரல் அந்த வரியில் முட்டி நின்றபோதுதான் தெரிந்தது.

எனவே மூடாதீர்கள், திருப்பிவிடுங்கள். மூன்றையும், எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல் என்ற வெற்றுச் சாதனத்துக்குத் திருப்பினால் எண்கள் நிரம்பியே இருக்கும், வேறு யாரும் அங்கே வந்து உட்கார முடியாது.

மற்ற அடிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை அடைவை ரூட் அடைவுக்கு மாற்றுவது, டீமன் உட்கார்ந்திருக்கும் வட்டுப்பகுதியைப் பிறகு கழற்ற முடியாமல் போகக்கூடாது என்பதற்காக. புதுக் கோப்புகளின் இயல்பு அனுமதிகளைத் தீர்மானிக்கும் யூமாஸ்கைத் திருத்துவது, யார் தொடங்கினாலும் கோப்பு அனுமதிகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக. பிஐடி கோப்பு (ப்ராசஸின் எண்ணைக் குறித்து வைக்கும் கோப்பு) எழுதுவது, பிறகு யாருக்குச் சிக்னல் அனுப்புவது என்று தெரிவதற்காக. அந்தக் கடைசி ஒன்றை மட்டும் நான் இப்போது யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. டீமன் எதிர்பாராமல் செத்தால் கோப்பு அப்படியே கிடக்கும். அந்த எண் பிறகு வேறு ப்ராசஸுக்குப் போகும். நிறுத்துகிறேன் என்று யாரோ ஒருவருடைய வேலையைக் கொன்றுவிடுவோம்.

வேகவிசை | வெள்ளி, காலை 8:30

சடங்கு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கம்பிக் கதை எனக்குத் தெரியாது. ஆனாலும் நிரலுக்குள் ஃபோர்க் எழுதுவது இன்றைக்குத் தேவை என்று நான் நினைக்கவில்லை.

காவல்நிரல் | வெள்ளி, காலை 9:14

அதில் நீங்கள் சொல்வது சரி. நிரல் தானாக ஃபோர்க் செய்து மறைந்தால் சிஸ்டம்டிக்குத் தலைவலி. தான் தொடங்கிய ப்ராசஸ் வெளியேறிவிட்டது, உண்மையில் வேலை செய்வது எது என்று பிஐடி கோப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். 'ஃபோர்க்கிங்' என்ற சர்வீஸ் வகை அந்தப் பழைய டீமன்களுக்காகவே இருக்கிறது. மேக்கில் 2005-இல் வந்த லாஞ்ச்டியும் இதே கருத்துதான், நிரல் தானாகப் பின்னணிக்குப் போகக்கூடாது. போனால் செத்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஒன்றைத் தொடங்கும்.

நிரல் முன்னணியில் சாதாரணமாக ஓடட்டும், திரையில் எழுதுவதுபோலவே எழுதட்டும். புது செஷன், டெவ் நல், பயனர் மாற்றம், அடைவு, யூமாஸ்க், லாக், மறுதொடக்கம் எல்லாம் மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார். பிள்ளைகள் பேரன்கள் எங்கே ஓடினாலும் சிஸ்டம்டி அவர்களைக் கர்னலின் சிகுரூப்பில் (ப்ராசஸ்களைக் கூட்டமாகப் பிடித்து வைக்கும் வசதி) அடைத்து வைத்திருப்பதால் நிறுத்தும்போது ஒருவரும் தப்ப மாட்டார்கள். பிஐடி கோப்பால் செய்ய முடியாதது அது.

அளவுகோல், சர்வீஸ் கோப்பு பத்து வரிதான். எக்ஸெக்ஸ்டார்ட்டில் பைதானின் முழுப் பாதையும் நிரலின் முழுப் பாதையும். யூசர் என்பதில் இதற்கென்று ஒரு தனிப் பயனர், ரூட் (நிர்வாகப் பயனர்) வேண்டாம். வொர்க்கிங்டைரக்டரியில் தரவு அடைவு. ரீஸ்டார்ட் ஆல்வேஸ், ரீஸ்டார்ட்செக் 10. இன்ஸ்டால் பகுதியில் மல்டி-யூசர் டார்கெட். எனேபிள் செய்தால் ரீபூட்டுக்குப் பிறகு தானாக எழும், ஸ்டார்ட் செய்தால் இப்போதே எழும். இரண்டும் வேறு வேறு, நிறையப் பேர் ஸ்டார்ட் மட்டும் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

அளவுகோல் | வெள்ளி, இரவு 8:55

எழுதினேன். எழவில்லை. நிலையைக் கேட்டால் 'தொடக்கக் கோரிக்கை மிக வேகமாகத் திரும்பத் திரும்ப வருகிறது' என்ற பொருளில் ஒரு செய்தி, அதோடு கைவிட்டுவிட்டது. அதே பயனரில் கையால் ஓட்டினால் ஓடுகிறது. ஜர்னலில் (சிஸ்டம்டியின் பதிவேட்டில்) என் நிரல் எழுதிய ஒரு வரியும் இல்லை.

காவல்நிரல் | வெள்ளி, இரவு 9:10

10 விநாடிக்குள் 5 முறை தொடங்கி விழுந்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும், அது இயல்பான வரம்பு. ரீஸ்டார்ட்செக் 10 போட்டிருந்தால் அந்த வரம்பை எட்டவே முடியாதே. போட்டீர்களா? போடாவிட்டால் இடைவெளி வெறும் 100 மில்லிவிநாடி.

அளவுகோல் | வெள்ளி, இரவு 9:26

அந்த வரியைத் தவறான பகுதியில் எழுதியிருந்தேன். சர்வீஸ் பகுதிக்கு மாற்றி டீமன்-ரீலோட் (கோப்பை மறுபடி படிக்கச் சொல்லும் கட்டளை) செய்தேன். இப்போது 10 விநாடிக்கு ஒரு முறை முயல்கிறது. காரணமும் ஜர்னலில் தெரிந்தது, போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை. கையால் ஓட்டியது என் பயனரில், சர்வீஸ் ஓடுவது புதுப் பயனரில். அதே பயனர் என்று சொன்னது என் தவறு. புதுப் பயனரைப் போர்ட்டைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்தேன், எழுந்துவிட்டது!

ஆனால் ஜர்னலில் அளவுகள் வரவில்லை. கோப்பில் வரிகள் சேர்கின்றன. திரைக்கு எழுதும் வரிகளை மட்டும் காணோம்.

நிதானம் | வெள்ளி, இரவு 9:50

காணாமல் போகவில்லை, தேங்கி நிற்கிறது. வெளியீடு டெர்மினலுக்குப் போனால் பைதான் ஒவ்வொரு வரியாக அனுப்பும். வேறு எங்கே போனாலும் சுமார் 8 கேபி சேரும்வரை கையில் வைத்திருக்கும். உங்கள் வரி 25 பைட் என்று வைத்துக்கொண்டால் 8192 பைட் நிரம்ப 328 வரி. 30 விநாடிக்கு ஒன்று என்றால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஜர்னலில் மொத்தமாக வந்து கொட்டும். பைதானை மைனஸ் யு விருப்பத்தோடு ஓட்டுங்கள், உடனுக்குடன் வரும்.

அளவுகோல் | வெள்ளி, இரவு 10:04

வந்துவிட்டது. இனி ஒரே ஒரு சிக்கல். சர்வீஸை நிறுத்தி உடனே தொடங்கினால் உணரி குப்பைத் தகவலைத் தருகிறது. கம்பியைக் கழற்றிச் செருகினால்தான் சரியாகிறது. நிரலின் தொடக்கத்தில் உணரியைத் தொடர் அனுப்பு நிலைக்கு மாற்றுகிறேன், முடியும்போது ஃபைனலி பகுதியில் (பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி) நிறுத்தச் சொல்கிறேன். டெர்மினலில் கன்ட்ரோல் சி அடித்தால் இது ஒழுங்காக நடக்கிறது. சர்வீஸாக ஓடும்போது ஏன் நடக்கவில்லை?

பழைய_முனையம் | வெள்ளி, இரவு 10:41

கன்ட்ரோல் சி அனுப்புவது சிக்இண்ட், எண் 2. பைதான் அதைப் பிழையாக மாற்றி வீசும், ஃபைனலி ஓடும். சிஸ்டம்டி நிறுத்தும்போது அனுப்புவது சிக்டெர்ம், எண் 15. அதற்குப் பைதானில் இயல்பாக எந்த ஏற்பாடும் இல்லை. நிரல் அந்த இடத்திலேயே வெட்டுப்படும், ஃபைனலி ஓடாது. உணரி இன்னும் ஆள் இருப்பதாக நினைத்துத் தகவலைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அடுத்துத் தொடங்கும் நிரல் ஒரு வரியின் நடுவிலிருந்து படிக்கிறது. அதுதான் குப்பை.

சிக்டெர்ம் வந்தால் சிஸ்டம் எக்ஸிட் வீசும் சின்னக் கையாளி ஒன்றைப் பதிவு செய்யுங்கள், மூன்று வரிதான். ஃபைனலி ஓடும், உணரி ஓயும். சிஸ்டம்டி 90 விநாடி காத்திருக்கும், அதற்குள் முடிக்காவிட்டால் சிக்கில், எண் 9. அதை எந்த நிரலும் பிடிக்க முடியாது.

இன்னொன்றும் செய்யுங்கள். என்னதான் ஒழுங்காக முடித்தாலும் ஒரு நாள் சிக்கில் வரும், அல்லது மின்சாரம் போகும். எனவே தொடக்கத்திலும் உணரிக்கு ஒரு முறை நிறுத்து என்று சொல்லி, தேங்கியதைப் படித்துக் கொட்டிவிட்டு, பிறகு தொடங்குங்கள். முந்தைய ஆள் ஒழுங்காகப் போனார் என்று நம்பி எழுந்திருக்கும் டீமன் ஒரு நாள் எழாது.

புதுவிசை | சனி, காலை 6:40

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். பொதுச் சர்வரில் எனக்கு ரூட் அனுமதி இல்லை. நான் சர்வீஸ் எழுத முடியாதா?

காவல்நிரல் | சனி, காலை 8:05

முடியும். சிஸ்டம்டியில் பயனர் சர்வீஸ் என்று உண்டு, உங்கள் வீட்டு அடைவிலேயே கோப்பை வைக்கலாம். கட்டளையில் யூசர் விருப்பத்தைச் சேர்த்தால் போதும், இன்ஸ்டால் பகுதியில் டிஃபால்ட் டார்கெட் என்று போடுங்கள். ஆனால் நீங்கள் வெளியேறினால் அதுவும் நின்றுவிடும். லிங்கர் என்ற அமைப்பை உங்கள் பயனருக்கு இயக்கினால்தான் வெளியேறிய பிறகும், ரீபூட்டுக்குப் பிறகும் ஓடும். சில இடங்களில் அதை நிர்வாகிதான் இயக்கித் தர வேண்டியிருக்கும், கேளுங்கள்.

சொல்தேடி | சனி, காலை 10:30

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். டீமன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? தமிழில் என்ன சொல்வது?

நிதானம் | சனி, காலை 11:12

1963-இல் எம்ஐடியின் ப்ராஜெக்ட் மேக்கில், ஐபிஎம் 7094 கணினியில் வேலை செய்தவர்கள் வைத்த பெயர். இயற்பியலில் மேக்ஸ்வெல் கற்பனை செய்த ஒரு பூதம் உண்டு. இரண்டு அறைகளுக்கு நடுவே கதவருகே உட்கார்ந்து, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை இன்னொரு பக்கமும் ஓயாமல் பிரித்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் ஓயாமல் வேலை செய்வதால் அந்தப் பெயர். எஸ்எஸ்எச்டி, கிரான்டி என்று கடைசியில் வரும் 'டி' அதுதான்.

தமிழில் 'பின்னணிச் செயலி' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்த இழையே பின்னணி வேறு, டீமன் வேறு என்றுதான் தொடங்கியது. 'ஏவல் பூதம்' நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஏவியவர் போன பிறகும் ஏவிய வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இரட்டைத்திரை | சனி, மதியம் 12:20

டாக்கர் போன்றவற்றின் கன்டெய்னருக்குள் (தனியாக அடைத்த சூழலில்) ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே நிரல் கட்டாயம் முன்னணியில் இருக்க வேண்டும், பின்னணிக்குப் போனால் கன்டெய்னரே முடிந்துவிடும். அங்கே உங்கள் நிரல்தான் ப்ராசஸ் எண் 1. எண் 1-க்குக் கையாளி இல்லாத சிக்டெர்ம் வந்தால் கர்னல் அதைக் கண்டுகொள்ளாது. டாக்கர் 10 விநாடி காத்திருந்துவிட்டுச் சிக்கில் போடும். 'நிறுத்தினால் சரியாக 10 விநாடி ஆகிறது' என்றால் அதுதான் காரணம். அண்ணன் சொன்ன மூன்று வரி அங்கேயும் உதவும்.

அளவுகோல் | ஞாயிறு, இரவு 9:18

சோதித்துப் பார்த்தேன். முதலில் மூன்று முறை நிறுத்தித் தொடங்கினேன். உணரி ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்தே சரியான அளவைத் தந்தது. பிறகு சிக்கில் அனுப்பிக் கொன்றேன். 10 விநாடியில் எழுந்தது, தொடக்கத்தில் கொட்டிவிட்டுத் தொடங்கியது.

பிறகு நடுவில் கம்பியைக் கழற்றினேன். நிரல் படிப்புப் பிழையில் விழுந்தது, 10 விநாடிக்கு ஒரு முறை எழுந்து விழுந்தது. கம்பியைச் செருகினேன். அப்போதும் எழவில்லை! பழைய போர்ட் பெயர் யூஎஸ்பி 0, செருகியதும் யூஎஸ்பி 1 ஆகிவிட்டது. டெவ் அடைவுக்குள் சீரியல் பை-ஐடி என்ற இடத்தில் உணரியின் சொந்தப் பெயரிலேயே ஒரு இணைப்பு இருக்கிறது. நிரலில் அந்தப் பாதையைக் கொடுத்தேன், இனி எந்த எண் வந்தாலும் கவலையில்லை.

கடைசியாகச் சர்வரையே ரீபூட் செய்தேன். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகாமல் ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு போய்க் கோப்பைப் பார்த்தேன். நான் நுழைவதற்கு முன்பே ஒன்பது வரி எழுதியிருந்தது.